முதலில் பேட்டரியை எடு

என் மனைவி இறந்து நாலு வருஷமாகியும், லேக் மார்க்கெட் பக்கத்து எங்கள் வீட்டு டெலிபோனில் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்காவிட்டால் ஆன்சரிங் மெஷினில் அவள் குரல் வரும். "நாங்க வெளியில போயிருக்கோம். சத்தமா, நிறுத்தி நிதானமா சொல்லுங்கோ." மெஷினில்கூட அதிகாரம்தான்.

டாக்குரியாவில் இருக்கும் மகள், நான் ரிப்பேர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்வாள். எனக்குத் தெரியும். மாலையில் வந்து பார்த்தால் பேச்சே இல்லாத பதிவுகள் இருக்கும், ஒன்றிரண்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

போன மாதம் அவளே வாய்விட்டுச் சொன்னாள். "அப்பா, அம்மா குரல் கரகரங்கறது. கொஞ்சம் பாரேன்."

ஊரார் ரேடியோ, டிவி சர்க்யூட் போர்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்று மெஷினைக் கடைக்குத் தூக்கிப்போய்ப் பிரித்தேன். இரண்டு கெபாசிட்டர்கள் உப்பியிருந்தன. ஓரத்தில் பேட்டரி பச்சையாகக் கசிந்திருந்தது. பழைய போர்டு எதுவானாலும் முதலில் பேட்டரியை எடு, இல்லாவிட்டால் கசிவு செம்புக் கோடுகளைத் தின்றுவிடும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உபதேசம் செய்பவன் நான். கை தானாகக் கட்டரை எடுத்தது. வெட்டினேன்.

பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். கெபாசிட்டர்களை மாற்றினேன். புதுப் பேட்டரியைப் பற்றவைக்கப் போர்டைத் திருப்பியபோதுதான் அங்கே என் பழைய சால்டரிங்கைப் பார்த்தேன். லோட்ஷெடிங் வந்தால் பதிவு அழிந்துபோகிறது என்று அவள் திட்டிய திட்டுத் தாங்காமல் நானே வைத்த பேட்டரி அது. கரண்ட் இல்லாத நேரத்தில் அவள் குரலைப் பிடித்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.

முட்டாள். நாற்பது வருஷமாக இதே வேலை செய்யும் முட்டாள். கடையில் வாடிக்கையாளர் நிற்கிறார் என்றுகூடப் பாராமல் அழுதேன்.

மெஷினை வீட்டில் பழைய இடத்திலேயே மாட்டினேன். இப்போது ஒரு கரகரப்பும் இல்லை. மகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மறுநாள் கடைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குப் போன் அடித்தது. எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரியை வெட்ட அவ்வளவு வேகமாகப் போன கை இதற்கு எழவில்லை.

அவள் குரல் இருந்த இடத்தில், கம்பெனியிலேயே மெஷினில் பதிந்து வந்த யாரோ ஒரு பெண்ணின் குரல் இங்கிலீஷில் பேசியது.

மெஷின் ஸ்பீக்கரில் மகள் குரல் கேட்டது. "ஸாரி, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள்.

உடனே மறுபடியும் அடித்தது.