சென் அங்கிளின் மைக்கல்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்துப் பழைய சாமான் சந்தையில் மகள் ஒரு கறுத்தக் கல்லைத் தூக்கிக்காட்டி, "சிகரெட் சாம்பல் தட்டா அம்மா?" என்று டெனிஷில் கேட்டாள். அது சீனர்கள் மை அரைக்கிற கல். விரலை நனைத்துத் தேய்த்தேன். பழைய மையின் கற்பூர வாசம் வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஸ்கீவ என்ற ஊரில் நாங்கள் அகதிகளாக இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் சென் அங்கிள் இருந்தார். வியட்நாமிலிருந்து படகில் வந்த சீனர். உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த மைக்கல்லை என்னைத் தொட விடுவார். அந்தக் கல்லில் இயற்கையாகவே ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. செதுக்கியவர் அதை நிலவாக விட்டுவிட்டு, சுற்றிவர முகில்களைச் செதுக்கியிருந்தார். மை அரைக்கும் குழி கன்னம்போல வழுவழுப்பாக இருந்தது.

ஊரில் விட்டு வந்த அண்ணை ஷெல் விழுந்து செத்த செய்தி வந்த அன்று வீட்டில் ஒருவரும் அழவில்லை. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போய், "மகன் செத்திட்டான்" என்று தெரிந்த டெனிஷில் சொன்னார். அங்கிள் அண்ணையின் பெயரைக் கேட்டார். கல்லில் தண்ணீர் விட்டு, மைக்கட்டியை என் கையில் தந்தார். நான் அரைத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "ரவி" என்ற சத்தத்தை அவர் சீன எழுத்தில் பெரிதாக எழுதித் தந்தார். எங்களிடம் அண்ணையின் படம் இருக்கவில்லை. அம்மா அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, அதன் முன்னால் விளக்கேற்றினார்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன்.

"மாமா எப்பிடி இருப்பார்?" என்று அவள் தமிழில் கேட்டாள்.

"முகம் ஞாபகமில்லையம்மா. அந்த எழுத்துத்தான் ஞாபகம்."

அவள் என் கையைப் பிடித்தாள். கை விறைத்துப்போயிருந்ததே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.