எங்கள் வீட்டில் தோட்டம் என்றால்

எங்கள் வீட்டில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான். அம்மா அங்கே கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். நான் ஆசிரியையானதும் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு எடுத்து இருவரும் இறங்கி வந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் ஒளித்ததில்லை.

பிறகு எனக்கு மனச்சோர்வு வந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன், வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. லீவு போட்டேன். கிளினிக்கில் மருந்து தந்தார்கள். ஆற்றோரமாகச் சிலர் சேர்ந்து செய்யும் காய்கறித் தோட்டம் ஒன்று இருக்கிறது, தினமும் அங்கே போய் வேலை செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தோட்டத்த விட்டு வரத்தான் இத்தன பாடுபட்டோம். மறுபடியும் ஒன்ன தோட்டத்துக்கே போகச் சொல்றாங்களே."

கடைசியில் அம்மா, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பாடசாலைக்குப் போவது போலச் சேலை கட்டிப் போனால் சரி என்றார். அப்படியே போனேன். அங்கே பழைய பாவாடைக்கு மாறி, வேலை முடிந்ததும் காலைக் கழுவிச் சேலையில் திரும்பினேன். வாசலிலேயே அம்மா என் நகங்களைப் பார்ப்பார்.

அந்த வேலை என்னைக் குணப்படுத்திவிட்டது என்று சொல்லமாட்டேன். மருந்தையும் விழுங்கினேன். ஆனால் போஞ்சிக் கொடி படரத் தொடங்கிவிட்டால் அன்றைக்கே கம்பு நட வேண்டும், அதற்காகவாவது எழும்பினேன். மடவளையிலிருந்து வரும் முஸ்லிம் பெண் ஒருவர், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், பக்கத்துப் பாத்தியில் இருப்பார். அவருக்கும் எனக்கு வந்த அதே வருத்தம்தான். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். சில வாரங்களில் நானாகவே அவரோடு பேசத் தொடங்கியிருந்தேன். இப்படியே போனால் வகுப்புக்குத் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை வந்தது.

முதல் போஞ்சியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். பிஞ்சாக இருக்கிறதே என்று ஒரு பிடி எடுத்துக்கொண்டார். டீச்சர் சந்தைக்குப் போனாரா என்று கேட்டார். ஸ்கூல் விட்டு வரும்போது வாங்கியது என்று அம்மா முந்திக்கொண்டார்.

"இல்லக்கா, நான் நட்டது. எனக்கு மனசுக்குச் சுகமில்ல. ஸ்கூலுக்குப் போகல, தோட்டத்துக்குத்தான் போறேன்."

என் குரல் நடுங்கவில்லை. அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "எங்க வீட்லயும் போஞ்சி கெடக்குது டீச்சர்" என்று சொல்லி, கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா கதவைச் சாத்தினார்.

"கூடைய மாட்டிக்கிட்டு மலை ஏறினப்பகூட எனக்கு இப்பிடி வெக்கமா இருந்ததில்ல."

அவர் சோற்றில் பருப்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார். போஞ்சியை நானே நறுக்கி, நானே வதக்கி, நான் மட்டும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.