இரண்டு மணிக்குப் போட்ட கையெழுத்து

அந்தப் புண்ணை முதலில் பார்த்தது குழந்தையின் தாய்தான். மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த ஆறு வயது மகளுக்குத் தலை வாரிவிடலாம் என்று மெல்லச் சாய்த்தார். பின்னந்தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தோல் கறுத்து, நடுவில் கசிந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர், இது என்ன?"

பின்னாளில் டேப் சிஸ்டர் என்று பெயர் வாங்கிய நர்ஸ் அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்தார். வந்து குனிந்து பார்த்தார். குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அசையாமல் கிடக்கும் உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும் என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்தக் கட்டிலுக்குப் பகல் பொறுப்பு அவருடையது. பத்தொன்பது நாளும் புரட்டியதாக சார்ட்டில் கட்டம் தவறாமல் அவர் கையெழுத்து இருந்தது.

"விடாம திருப்பிக்கிட்டுத்தாம்மா இருந்தேன்" என்றார்.

அந்தத் தாய் மகளின் பின்னலை அவிழ்த்து, முடியை விரல்களால் கோதிக்கொண்டே இருந்தார்.

ஹெட் சிஸ்டர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். பழியிலிருந்து தப்பிக்க ஏதாவது அகப்படுமா என்றுதான் சார்ட்டைப் புரட்டினேன் என்று டேப் சிஸ்டரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்படிப் புரட்டியபோது உணவுப் பக்கம் கண்ணில் பட்டது. மூக்குக் குழாய் வழியாக நாளுக்கு ஒரு லிட்டர் சத்துணவு போகவேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். உள்ளே போனதை நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்தார். ஒரு நாள்கூட அறுநூறு மில்லியைத் தாண்டவில்லை. ஸ்கேனுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வாந்தி எடுத்ததும் நிறுத்தியிருந்தார்கள். இரத்தம் எடுக்கும்போது, கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, துணி மாற்றும்போது. ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமானது. விட்டுப்போனதைக் கணக்குப் பார்க்கத்தான் ஆளில்லை. அத்தனை பேர் கண்முன்னால் அந்தக் குழந்தை அரைப்பட்டினி கிடந்திருக்கிறது.

டாக்டரிடம் போய்க் காட்டினார்.

"ஒரு குழந்தைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சிஸ்டர். அறுபது குழந்தையப் பாருங்க, அப்புறம் பேசலாம்."

தட்டிக்கழிக்கச் சொன்னாரோ, மனதாரச் சொன்னாரோ. டேப் சிஸ்டர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் மனு எழுதி, ஆய்வுக்கு அனுமதி வாங்கினார். தையல்காரரான கணவரின் மேசையிலிருந்து ஒரு அளவு டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் டேப்ப எடுத்துட்டுப் போய் யாருக்குச் சட்டை தைக்கப் போறே?"

"சட்டை போட்டா தொளதொளன்னு தொங்குதே, அந்தப் பிள்ளைங்களுக்குத்தான்."



எட்டு மாதம் ஓடியது. ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பார். ஒவ்வொரு குழந்தைக்கும் மேல் கையின் சுற்றளவு எடுப்பார். உள்ளே போன உணவைக் கூட்டுவார். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை தோலைப் பார்ப்பார். அந்தச் சிறுமியையும் சேர்த்து அறுபத்திரண்டு குழந்தைகள். பதினான்கு பேருக்குப் புண் வந்திருந்தது. அதில் பதினோரு பேருக்கு, போகவேண்டிய உணவில் மூன்றில் இரண்டு பங்குகூடப் போகவில்லை. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு போகவும் முடியாது.

"திருப்பினது சரியா இருந்ததான்னும் பாத்துடுங்க. முதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்றார் டாக்டர்.

புரட்டிப் போட்ட நேரங்களை ஸ்கேன் அறையின் பதிவேட்டோடு ஒப்பிட உட்கார்ந்தார். முதலில் எடுத்தது அந்தச் சிறுமியின் சார்ட். பதினாறாம் நாள் அவளை ஸ்கேனுக்குக் கொண்டுபோனது மதியம் ஒன்று பத்து. திரும்பி வந்தது மூன்று நாற்பது. வார்டு சார்ட்டில் இரண்டு மணிக் கட்டத்தில், 'இடப்பக்கம் திருப்பப்பட்டது' என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

இரண்டு மணிக்குக் குழந்தை வார்டிலேயே இல்லை. கெட்டிப் பலகையில் மல்லாந்து, தலை அசையாமல் பட்டை கட்டிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாட்களிலும் இதே கதை. ஷிஃப்ட் முடியும்போது கட்டங்களை மொத்தமாக நிரப்புவது வார்டில் எல்லோருக்கும் பழக்கம்; கை தானாக எழுதியிருக்கிறது. பொய் என்று தெரிந்து எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எழுதியதே நினைவில் இல்லை என்பதுதான் அவரைப் போட்டு வதைத்தது.

ஹெட் சிஸ்டரிடம் சொன்னபோது அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் எழுதுறதுதானே. அந்த ஒரு சார்ட்ட எடுத்துட்டு அறுபத்தொண்ணுன்னு போடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சிஸ்டர்."

அந்தச் சிறுமி அதற்குள் பிழைத்து வீடு போயிருந்தாள். இடது கால் மட்டும் இழுத்தது. செவ்வாய்தோறும் பயிற்சிக்கு வருவாள். அவள் உள்ளே இருக்கும்போது, வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாயின் பக்கத்தில் டேப் சிஸ்டர் போய் உட்கார்ந்தார். சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சாப்பாடு குறைந்தது, பலகை, இரண்டு மணி, கையெழுத்து.

அந்தத் தாய் பயிற்சி அறையின் கதவைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் அவளுக்கு ஜடை இறுக்கிப் பின்னிவிட்டிருந்தேன். ஒருக்களிச்சுப் படுக்கறப்ப குத்தாதுன்னு முடிச்ச பின்பக்கமா வச்சேன். அதுதான் அழுத்திடுச்சோன்னு... இத்தனை மாசமா எங்க வீட்டுக்காரர்கிட்டகூட வாய் திறக்கல."

டேப் சிஸ்டர் அவர் கையைத் தொடப் போனார். அந்தத் தாய் கையை இழுத்துக்கொண்டார்.

"இத எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?"

"சொல்றேம்மா."

சொன்னார். மருத்துவமனைக் கூட்டத்தில், நாற்பது பேர் முன்னால், முதல் சார்ட்டாக அதையே திரையில் போட்டார். "இந்தக் கையெழுத்து என்னோடது" என்றார்.  பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ், "நானும் அப்படி எழுதியிருக்கேன்" என்றார். இன்னும் இருவர் எழுந்தார்கள். ஹெட் சிஸ்டர் குனிந்த தலை நிமிரவில்லை.

டேப் சிஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. அவர் ஆட்சேபிக்கவில்லை. வார்டிலும் சில வழக்கங்கள் மாறின. நிறுத்திய உணவை மிச்சமுள்ள மணி நேரங்களில் பிரித்து ஈடுகட்டினார்கள். ஸ்கேனுக்குப் போகும் குழந்தையோடு ஒரு நர்ஸும், தலைக்கு மெத்தென்ற ஒரு திண்டை எடுத்துக்கொண்டு, போனார். புரட்டியதை அந்தந்த நேரத்தில்தான் எழுதவேண்டும் என்றானது.

அடுத்த ஆண்டு நான்கு குழந்தைகளுக்குப் புண் வந்தது. நான்கு வீட்டாரிடமும் டேப் சிஸ்டரே போய் உட்கார்ந்து, எந்த நாள் என்ன தவறியது என்று சொன்னார். ஒரு தகப்பன் கத்தித் தீர்த்தார். ஒரு அத்தை கைகூப்பினார். மற்ற இருவரும், இனி என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.