கறுப்பு அலமாரிக்கு நீலச் சுவர்

லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீடுகளில் எங்கள் அறை பத்தடிக்குப் பத்தடி. அதில் பாதியை ஒரு கறுப்பு அலமாரி பிடித்துக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்கார துரை காரில் ஏறி ஓடிய மறுநாள், மலாயாவில் ரெம்பாவ் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டமே அவர் பங்களாவுக்குள் புகுந்தது. மற்றவர்கள் அரிசி, சர்க்கரை, டின் பால் என்று புத்தியாகத் தூக்கி வந்தார்கள். என் அப்பா மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த அலமாரியையும், அதே கறுப்பில் ஒரு சாய்வு நாற்காலியையும் தூக்கி வந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இத வச்சு என்னத்த பொங்கித் திங்கிறது?"

அப்பா அசரவில்லை. அலமாரியின் இழுப்பறையில், துரை வீட்டுத் துணிக்குப் போடும் நீலப் பொட்டலங்கள் கிடைத்திருந்தன. "இதக் கலக்கி சுவத்துல அடிச்சா நம்ம வீடும் பங்களாதான்லா," என்றார். தோட்டத்தில் எல்லா வீட்டுக்கும் வெள்ளைச் சுண்ணாம்புதான், அடியில் ஒரு முழம் தார். தான் இருக்கும்வரை இந்தக் கூத்து நடக்காது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதன்பிறகு நாற்காலியில் முட்டி இடிக்கும்போதெல்லாம் அப்பாவுக்குத் திட்டு விழும்.

அடுத்த வருஷம் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அப்பாவையும் பக்கத்து வீட்டு மாமாவையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது ஆறு வயது.

நெடுநாள் கழித்து, ஒரு மத்தியானம் மாமா மட்டும் வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அம்மா அவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனாள், நானும் பின்னால் போனேன். அப்பாவின் தகரக் குவளையை அவர் அம்மா கையில் கொடுத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து தேம்பித் தேம்பி என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அழவில்லை. "யாரு கேட்டாலும் பாக்கலன்னு சொல்லுங்கண்ணே. அது போதும்," என்றாள்.

மாமா சொன்ன சொல் மாறவில்லை. ஆனால் வாயைவிட அவர் கண் அதிகம் பேசியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து நின்றார். ஊரே சாக்குத் துணி கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு எங்கிருந்தோ ஒரு வெள்ளைச் சேலை கிடைத்திருந்தது. "பொட்டத் தொடைச்சிட்டு இதக் கட்டிக்க புள்ள. நாலு பேரு பேசறதுக்கு முன்னால நாமே செஞ்சிடலாம்," என்றார்.

அம்மா சேலையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதை நடுவில் கிழித்து வாளியின் வாயில் கட்டினாள். தோட்டத்து ஸ்டோரில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து அதில் ஊற்றி வடிகட்டினாள். பிறகு நீலப் பொட்டலங்கள் அத்தனையையும் பிரித்துக் கொட்டினாள்.

சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம் சுண்ணாம்பு அடிப்பதில்லை. இது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தை வாசலில் நின்று கத்தினார். "எழவு வீட்டுக்கு யாராச்சும் சுண்ணாம்பு அடிப்பாங்களாடி?"

"அடிக்க மாட்டாங்க அண்ணி. அதான் அடிக்கிறேன்," என்றாள் அம்மா. தட்டி நசுக்கிய தேங்காய் மட்டையை வாளியில் முக்கிச் சுவரில் ஓங்கி இழுத்தாள். அத்தையின் காலில் நாலு சொட்டு தெறித்தது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் வந்து பார்த்தார். "இது தோட்டத்து சுவரு, தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரரு வந்ததும் அவர்கிட்ட கேளுங்க," என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல். கிராணி போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் நாலு சுவரும் நீலம். கறுப்பு அலமாரி அந்த நீலத்தில் எடுப்பாக நின்றது. அம்மா முகம் கழுவி, என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். லயமே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா குவளையை முன்னால் அனுப்பிவிட்டார், சுவர் காய்ந்ததும் அவரும் வந்துவிடுவார் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமா தன் கையாலேயே அப்பாவைக் குழியில் இறக்கிவிட்டு வந்தவர் என்பது, எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரியும்.

மறுநாள் காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கையில் ஒட்டவில்லை. "காஞ்சிருச்சும்மா! அப்பா இன்னிக்கு வந்துடுவாரா?" என்று கேட்டேன்.

அம்மா எழுந்து வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள். "இன்னொரு தடவ அடிக்கணும் குட்டி," என்றாள்.

நீலப் பொட்டலம் ஒன்றுகூட மிச்சமில்லை. அம்மாவுக்கு அது மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.