மலைக்கெல்லாம் கேட்கும் மணி

ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது தயாபரன் விழுந்தான். கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாமல் போனது. பேச்சு இருந்தது, சத்தம் இல்லை. கூப்பிட்டால் வாசலைத் தாண்டாது. அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மனைவி ஜீவராணி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டால் லயத்து வீடுகளில் ஆள் ஏது? எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பதுளையில் போன் திருத்தும் றிஸ்னியிடம் அவள் போய் நின்றாள். "அவரு கூப்பிட்டா எனக்குக் கேக்கணும், றிஸ்னி நானா. வேற ஒண்ணும் வேணாம்."

றிஸ்னி வந்து கட்டிலருகே உட்கார்ந்து தயாபரனிடமே கேட்டுக் கேட்டுச் செய்தான். முதலில் தாடைக்குக் கீழே வைத்த சுவிட்சில் எச்சில் இறங்கிப் பழுதானது. பிறகு கன்னத்துக்குப் பக்கத்தில் மெத்தென்று ஒன்றை வைத்தான். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், மணி அடிக்கும். மலையில் போனுக்கு சிக்னல் இல்லாததால் கூரையில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டினான். ஒரு தரம் அடித்தால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்ட வேண்டும், மூன்று என்றால் மலசலம் என்று பிரித்தது ஜீவராணிதான். எதற்கு உடனே ஓட வேண்டும், எது கொஞ்சம் பொறுக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் நடந்தது. முதுகு சுத்தமாக இருந்தது. அதற்குள் மலை முழுக்கக் கணக்கைப் படித்துக்கொண்டது.

"ஜீவா, மூணு அடிச்சிருச்சுடி. ஓடு, பாய் நனஞ்சிரப் போவுது" என்பாள் அடுத்த நிரையில் கொழுந்து எடுக்கும் இராக்கம்மா. எல்லாரும் சிரிப்பார்கள். ஜீவராணியும் சிரித்துக்கொண்டே ஓடுவாள். மலையில் யாரைப் பார்த்துத்தான் சிரிக்காமல் விட்டார்கள்?

ஒரு நாள் சாயந்திரம் வேலை விட்டுப் போகும்போது இராக்கம்மா வாசலில் தலையை நீட்டினாள். "என்ன தயா, இன்னைக்கு மூணு அடிச்சது ரெண்டு தரம்தானா? வயித்துக்குச் சரியில்லையா?"

அதோடு மணி நின்றது.

உடம்பு தேறுகிறது என்று ஜீவராணி நினைத்தாள். ஓட்டம் இல்லாததால் கொழுந்தும் நிறைய எடுத்தாள். காலையில் அவன் தேத்தண்ணியை வேண்டாம் என்றபோதும் அவளுக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் துடைத்துவிடும்போது நாற்றம் வந்தது. புரட்டிப் பார்த்தாள். முதுகின் அடியில் தோல் கறுத்துக் கிடந்தது.

"ஏன் அடிக்கல?"

"நான் ஒண்ணுக்குப் போறது மலைக்கெல்லாம் தெரியணுமா?"

றிஸ்னி வந்தான். "எல்லாத்துக்கும் ஒரே சத்தமா மாத்தித் தாரன் அண்ணன். எதுக்குன்னு ஒத்தருக்கும் வெளங்காது."

"ஒண்ணு அடிச்சாலும் இனி மூணுன்னுதான் சிரிப்பாளுக."

சத்தத்தைக் குறைத்தால் மலைக்குக் கேட்காது. றிஸ்னி ஸ்பீக்கரைப் பார்த்தபடி நின்றான்.

"நான் வேலைக்குப் போகல" என்றாள் ஜீவராணி.

"போகாம? என்னத்தத் திங்கிறது?" என்றான் தயாபரன்.

மறுநாளும் அவள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

புண் எலும்பைத் தொட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வெட்டிக் கழுவி, மருந்து கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். விடியும் முன் ஜீவராணி அவனைப் புரட்டி, புண்ணைக் கட்டி, சுவிட்சைக் கன்னத்தோடு சேர்த்து வைப்பாள். அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வான். அவள் பெரட்டுக்குப் போவாள். இராக்கம்மா இப்போது வாயைத் திறப்பதில்லை. மலையில் கொழுந்து ஒடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.