வாயை மூடுவதற்கு நல்ல ரேட்டு

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம். இணையதளத்துக்கு வரும் உடல்நலக் கட்டுரைகளை வெட்டித் திருத்துவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக முகம் சுளித்தபடியே செய்தாள்.

ஒருநாள் முதலாளி இன்னொன்றையும் அவள் தலையில் கட்டினார். விஷயம் தெரிந்தவர்களை எழுத வைக்க வேண்டும். அவர்களுக்கு என்ன கொடுப்பது என்று அவளே முடிவு செய்ய வேண்டும். "நியாயமாப் போடும்மா" என்றவர், வார்த்தைக்கு இவ்வளவுதான், எல்லாருக்கும் ஒரே ரேட்டு என்று அவரே முடிவையும் சொல்லிவிட்டார்.

அவள் முதலில் பிடித்தது தீக்காய வார்டில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்சை. அந்த அம்மா நூற்றுப்பத்து வார்த்தையில் முடித்துவிட்டார். வெந்த இடத்தை ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், பற்பசை எதுவும் தடவாதீர்கள், காயம் உள்ளங்கையைவிடப் பெரிதென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கத்திரிக்கு வெட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கூலியோ இரண்டு டீக்குக் காணாது. அதே வாரம், நாலு தளங்களில் சுரண்டித் தூக்கத்தைப் பற்றி மூவாயிரம் வார்த்தை அளந்த ஒருவன் இருபத்தேழு மடங்கு வாங்கிப் போனான்.

"இழுத்து எழுதச் சொல்லு" என்றார் முதலாளி.

கத்திரி கூசிக்கொண்டே போனில் கேட்டாள்.

"ஏம்மா, வெந்த கையோட நிக்கிறவ ரெண்டாயிரம் வார்த்தை படிச்சிட்டா இருப்பா?" என்று நர்ஸ் சிரித்தார்.

அனுபவம், நேரம், தப்பாக எழுதினால் வரும் ஆபத்து எல்லாம் சேர்த்துக் கட்டுரைக்கு இவ்வளவு என்று கத்திரி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாள். முதலாளி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். துண்டுகள் அந்தத் தாள்மேலேயே விழுந்தன. "பேரும் போட்டோவும் போடறோமே, போதாதா?" என்றார்.

திங்கட்கிழமை நர்சின் கட்டுரை வெளிவந்தது. இரண்டாயிரத்து நானூறு வார்த்தை. கத்திரிக்குக் காட்டாமல் முதலாளி அந்தத் தூக்கக் கட்டுரைக்காரனை விட்டு ஊதிப் பெருக்கியது. மேலே நர்சின் பெயர், சிரித்த முகம். நடுவில், 'சிறு காயத்துக்குப் பற்பசை தடவலாம்.'

 கத்திரி அதை உடனே தளத்திலிருந்து எடுத்தாள். மதியத்துக்குள் முதலாளி திரும்ப ஏற்றிவிட்டார். "நல்லா ஓடுது, கை வைக்காதே."

அவள் நர்சைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

மறுநாள் காலை அந்த அம்மா நேரில் வந்தார். உட்காரவில்லை. எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டே, "என் பேர்ல பற்பசையா?" என்றார். முதலாளி பதறி, பேசிய கூலிக்குப் பத்து மடங்கு தருவதாகக் குழைந்தார்.

"எழுதினதுக்கு டீக்காசு. வாயை மூடறதுக்கு மட்டும் நல்ல ரேட்டு வச்சிருக்கீங்க."

சாயங்காலம் கட்டுரை போய்விட்டது. அந்த வாரமே கத்திரியும் போய்விட்டாள். "சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்ட வீட்டுக்காரரிடம், "அந்தச் சோறு இறங்கல" என்றாளாம். இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் தளத்தைப் பார்த்துக்கொள்கிறாள். எழுதுகிறவர்களிடமே கூலியைக் கேட்டுப் பேசி முடிக்கிறாள். நர்சின் கட்டுரை அங்கே ஒரு வார்த்தை மாறாமல் இருக்கிறது.

இங்கே அவள் நாற்காலியில் தூக்கக்காரன். ரேட்டு போடுவது அவன்தான். அவன் எழுதுவதைத் திருத்துவது நான்.