புல்லுக்கு மேலே ஒரு சாண்

விமானத்தின் வால்தான் எங்களுக்குள் சண்டையை மூட்டியது. தரையை விட்டுக் கிளம்பும்போது அதற்கு முதலில் எழும்புவது மூக்கா, வாலா? மூக்கு என்றேன் நான். கோழி மதில் மேல் தாவும்போது தலையைத்தானே முதலில் தூக்குகிறது. வால் என்றார் நண்பர். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு பத்திரிகைப் படத்தில் அப்படித்தான் இருந்தது என்றார். படத்தைக் காட்டுங்கள் என்றால், அதில்தான் அன்றைக்கு வெங்காயம் சுற்றிக் கொடுத்தார்கள் என்றார்.

அப்போது நான் ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தேன். கல்யாணமாகி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் ஒன்றில் மனைவியோடு குடியிருந்தேன். நண்பர் சரக்குப் பிரிவில் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், பிரம்மச்சாரி. பக்கத்துக் குவாட்டர்ஸில்தான் இருந்தார் என்றாலும், அங்கே தூங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை. வேலை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ரயில்வே கிளப்பில் வருஷம் ஒருமுறை பொழுதுபோக்குக் கண்காட்சி நடக்கும். முந்தைய வருஷம் அவர் தபால்தலைகளை வைத்தார். நான் ஒரு பாலத்தின் படத்தை வரைந்து வைத்தேன். வந்தவர்கள் எங்கள் இருவர் மேஜைக்கும் நடுவே நின்று, குடைகளை அவற்றில் சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார்கள். அந்த அவமானம் எங்களை விடவில்லை. இந்தத் தடவை யாராலும் குடை சாய்க்க முடியாத ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்தோம்.

சிங்கப்பூரிலிருந்து போர் விமானங்கள் எப்போதாவது கோலாலம்பூருக்கு மேலே வட்டமடிக்கும். சத்தம் கேட்டதும் ஆபீசே வெளியே ஓடிவந்து அண்ணாந்து நிற்கும், பெரிய துரை உட்பட. மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி, நடுவே கம்பிகள், மூக்கில் சுழலும் விசிறி. அதைத்தான் செய்யப் போகிறோம். சின்ன பொம்மையாக இல்லை, ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தாலும் இறக்கையின் இரண்டு முனையும் எட்டாத அளவுக்கு. சும்மா நிற்கிற விமானமாகவும் இல்லை. கிளம்புகிற விமானம்.

முழு அளவில் படம் போட அவ்வளவு பெரிய தாள் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் கூடத்துச் சிமெண்டுத் தரையிலேயே சாக்கட்டியால் வரைந்தேன். மூக்கு வாசலைப் பார்த்திருந்தது, வால் அடுப்படிக்குள் போயிருந்தது. மனைவி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு இறக்கையை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது சாயங்காலத்துக்குள்ள பறந்துடுமா? தரையைக் கழுவணும்."

"வாலா மூக்கான்னு முடிவானா உடனே அழிச்சிடறேன்" என்றேன்.

"அதுக்கு ஏன் இங்க உட்கார்ந்து சண்டை? போய்ப் பார்த்துட்டு வந்தா ஆச்சு."

எங்கள் இருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. சுங்கை பீசி விமானத் திடலுக்கு ஞாயிற்றுக்கிழமை போர் விமானங்கள் வருவதாக ஆபீசில் பேசிக்கொண்டார்கள். மூவரும் ரயிலேறிப் போனோம். மனைவி புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டாள். வேலிக்கு வெளியே, ஈயச் சுரங்கக் குட்டையின் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். எதிரே மூன்று விமானங்கள் வெயிலில் நின்றன. நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை அவை அசையவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. முதல் விமானம் ஓடியபோது என் கண்ணில் தூசி விழுந்தது. இரண்டாவது ஓடியபோது நண்பர் தொப்பியைத் துரத்திக்கொண்டு போயிருந்தார். மூன்றாவதை இருவரும் பார்த்தோம்.

"பாத்தீரே காணும்?" என்றார் நண்பர். "வால்தான் முதல் எழும்பினது."

"மூக்குதான் எழும்பிச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"உம்மட கண்ணிலதான் தூசி எண்டீர்."

மனைவி புளிச்சோற்றுத் தூக்கை மூடிக்கொண்டே சொன்னாள். "ரெண்டும்தான் எழும்பிச்சு. முதல்ல வால் எழும்பிச்சு. அப்படியே கொஞ்ச தூரம் ஓடிச்சு. அப்புறம் மூக்கைத் தூக்கிக்கிட்டு மேல போச்சு. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்தைப் பார்த்துட்டு இப்படி அடிச்சிக்கிறீங்க."

நண்பர் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டார். "ஓம், தங்கச்சி சொல்லுறது சரி. அப்ப நாங்கள் எந்த நேரத்தைச் செய்யிறது?"

அவள் யோசித்தாள். "சக்கரம் தரையை விட்டுச்சே, ஒரு சாண் உசரத்துல. விழுந்துடுமோன்னு நான் எழுந்தே நின்னுட்டேன். அதைச் செய்ங்க."

திரும்பி வரும் ரயிலில் நாங்கள் சண்டையே போடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சாக்கட்டியை எடுத்ததும் அடுத்தது ஆரம்பித்தது. ஒரு சாண் உயரத்தில் அதை எப்படி நிறுத்துவது? உத்தரத்திலிருந்து கம்பி கட்டித் தொங்கவிடலாம் என்றேன். கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி இருக்கும் என்றார் அவர். வயிற்றுக்குக் கீழே ஒரு கழி கொடுக்கலாம் என்றார். சாத்தே குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி மாதிரி இருக்கும் என்றேன். இப்படியே ஒரு வாரம் போனது.

கடைசியில் புல்தான் வழி காட்டியது. சுங்கை பீசியில் ஓரமெல்லாம் லாலாங் புல் முழங்கால் உயரம் நின்றிருந்ததல்லவா? பலகையின் மேல் அப்படி ஒரு புல்வெளி செய்துவிட்டால், இரண்டு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு இரும்புக் கம்பியை நட்டுப் பச்சை பூசிவிடலாம். யாருக்கும் தெரியாது. தேங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தோம். புல் நேராக நின்றால் விமானம் ஓடுகிறது என்று யார் நம்புவார்கள் என்று மனைவி கேட்டாள். தன் பழைய சீப்பை எடுத்து, நார் முழுவதையும் மூக்கிலிருந்து வால் பக்கமாக வாரிப் படிய வைத்தாள். நான் எழுந்து நின்று பார்த்தேன். விமானமே இன்னும் வரவில்லை, ஆனால் அதன் காற்று அங்கே வந்துவிட்டிருந்தது.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. எலும்புக்கூடு பிரம்பு. தோல், கஞ்சி போட்ட மல் துணி, அதன் மேல் வர்ணம். சுழலும் விசிறிக்கு மரத்தில் இலை செதுக்கினால் அது நின்றுபோன விசிறியாகத்தானே இருக்கும்? அதனால் படம் நகலெடுக்கிற மெல்லிய டிரேசிங் தாளை வட்டமாக வெட்டி, வார்னிஷ் பூசி, மூக்கில் பொருத்தினோம். தூரத்திலிருந்து பார்த்தால் சுழல்கிற மாதிரியே மங்கலாகத் தெரிந்தது. விமானியை நண்பர் மரத்தில் செதுக்கினார். முகத்துக்கு என்ன வர்ணம் என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினார். வெள்ளைக்காரரின் ரோஜா நிறம் பூச அவருக்கு மனம் வரவில்லை. நம் நிறத்தைப் பூசினால் கிளப்பில் என்ன சொல்வார்களோ என்று கையும் வரவில்லை. பெரிய கண்ணாடி, காதை மூடும் தொப்பி, கழுத்துத் துணி என்று எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குக் காப்பி நிறம் பூசினார்.

"அண்ணே, இது உங்க மூக்கு மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி.

"கண்ணாடியைப் பாத்துத்தான் செதுக்கினனான்" என்றார் அவர், கொஞ்சம்கூட வெட்கப்படாமல்.

பலகை ஓரத்தில் இடம் மிச்சம் இருந்தது. விமானத் திடலில் காற்று வீசும் திசையைக் காட்ட ஒரு துணிப் பை கம்பத்தில் பறந்துகொண்டிருக்குமே, அதையும் வைத்தோம். உள்ளே கம்பியைக் கொடுத்து, நன்றாகக் காற்றடைத்து நீட்டி நிற்கிற மாதிரி செய்தேன். எந்தப் பக்கம் நீட்டுவது? அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதமே வரவில்லை. பாய்மரக் கப்பலைப் போல விமானத்தையும் பின்னாலிருந்து காற்றுத் தள்ள வேண்டும், அப்போதுதான் சுலபமாக எழும்பும் என்றார் அவர். அது சரிதான் என்றேன் நான். பை மூக்குப் பக்கம் பார்த்து நீண்டது.

கண்காட்சியன்று கூட்டம் எங்களைச் சுற்றித்தான். பஞ்சாபிக் காவல்காரர் ஒருவர் குனிந்து புல்லுக்குள் தேடிக்கொண்டே இருந்தார். கம்பி அகப்படவில்லை. ஒரு சீனக் கணக்கர் தன் குழந்தையைத் தூக்கிக் காட்ட, அது விசிறியில் கையை வைக்கப் பயந்தது. நண்பர் விமானிக்குப் பக்கத்தில், மூக்கின் பக்கவாட்டுத் தோற்றம் எல்லோருக்கும் தெரியும்படி திரும்பி நின்றார்.

பரிசுக்குப் பார்வையிட வந்தவர் விமானம் ஓட்டத் தெரிந்த ஒரு துரை. கைத்தடியோடு இரண்டு சுற்று வந்தார். குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வால் இருக்கிற உயரமும் சக்கரம் இருக்கிற உயரமும் அப்படியே நிஜம் என்று பாராட்டினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு கைத்தடியால் அந்தப் பையைத் தொட்டார். விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், பின்காற்றில் இந்த ஆள் இப்படி ஓட்டினால் எழும்ப முடியாமல் நேரே சுரங்கக் குட்டையில்தான் போய் இறங்குவான் என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மனைவி முன்னால் வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் கைத்தடி எதைத் தொட்டது, எங்கள் முகம் எப்படிப் போனது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கம்பத்தைப் பிடித்து அப்படியே திருப்பினாள். பை வால் பக்கம் பார்த்து நீண்டது. சீவிய புல்லும் பையும் இப்போது ஒரே திசையில் போயின.

துரை வாய்விட்டுச் சிரித்தார். தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தார்.

முதல் பரிசு பாசிமணியில் கோத்த ஒரு ரயில் எஞ்சினுக்குப் போனது. ரயில்வே கிளப்பில் வேறென்ன நடக்கும்? எங்களுக்கு இரண்டாவது. வீட்டுக்கு நடந்து வரும்போது நண்பர் சட்டென்று நின்று என் பக்கம் திரும்பினார்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போனா விளங்காது காணும்" என்றார். "இனி ஒண்டிலயும் ஒத்துப்போகக் கூடாது."

"சரி" என்றேன்.

"பாத்தீரே, திரும்பவும்."

அடுத்த வருஷம் அவருக்குக் கிள்ளானுக்கு மாற்றலாயிற்று. விமானத்தை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். கம்பியிலிருந்து கழற்றி, இறக்கைகளைத் தனியாகக் கட்டி, சரக்கு வண்டியில் வாழைத்தார்களுக்கு நடுவே ஏற்றினார். வண்டி நகர்ந்தபோது அதன் வாசலில் நின்றுகொண்டு, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி, "வால் முன்னுக்குப் போகுது" என்று கத்தினார்.

புல்வெளிப் பலகை எங்களிடம் தங்கிவிட்டது. கூடத்தில் வைக்க இடமில்லாமல் பின்பக்கம் தூக்கிப் போட்டோம். மழையில் சாயம் கரைந்து நார் பழுப்பாயிற்று. சில வாரத்தில் அதன் நடுவே நிஜமாகவே புல் முளைத்துத் தளதளவென்று நின்றது. மனைவி அதற்குத் தண்ணீர்கூட ஊற்றினாள். ஒரு நாள் காலையில் பால்காரரின் ஆடு வந்து விமானத் திடல் முழுவதையும் மேய்ந்துவிட்டுப் போனது.

தீபாவளிக்குக் கிள்ளான் போனபோது இதை நண்பரிடம் சொன்னோம். அவர் பலகாரத் தட்டைக் கீழே வைத்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகில் தட்டினாள்.